ரிலீவர் வரும்வரை

என் கணவர் ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருக்கிறார். அந்தப் போர் வேண்டாம் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னவரும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே மனிதர் எப்படிச் சுமந்தார் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் முழுசாகச் சொல்லத் தெரியாது. சுமந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. சண்டை போட்டேன், அழுதேன், ஒரு திருட்டுத்தனத்துக்கும் துணை போனேன்.

அது மே மாதம். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. நெய்வேலியில் என் அப்பா அம்மா இருக்கும் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தோம். அந்த மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை. எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளை அப்படித்தான் சொல்வோம். வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி என்று அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சின்னக் கல்யாணப் பெண்தான். கவுனைத் தைத்து வாங்கி வந்து ஹாலில் அலமாரிக் கதவில் மாட்டியிருந்தோம். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பார்க்காதவர்களை என் மகள் பார்க்க வைப்பாள்.

அவர் இதற்காகவே வருஷம் முழுக்க லீவைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவள் பிறந்தபோது அவர் இல்லை. ஞானஸ்நானத்துக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று இல்லை. "இதுக்கு மட்டும் அப்பா கண்டிப்பா இருப்பேன்" என்று ஃபோனில் அவளுக்குச் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தை அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். வெட்டியெடுக்கிற பழுப்பு நிலக்கரி மைல் கணக்கில் பெல்ட்டில் ஓடும். பெல்ட் ஓடுகிறவரை ஆபரேட்டர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. ஷிப்ட் முடிந்துவிட்டது என்று கிளம்பவும் முடியாது. அடுத்த ஷிப்ட்காரர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இவர் இறங்கலாம். வருகிறவருக்கு ரிலீவர் என்று பெயர். ரிலீவர் வராவிட்டால் இருக்கிறவருக்கே இன்னொரு எட்டு மணி நேரம். நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "அப்பா எங்க?" என்றால் "ரிலீவர் வரல" என்பார்கள், நாங்கள் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம்.

நான் பிறந்த அன்று அப்பாவின் ரிலீவர் வரவில்லை. அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று மத்தியானம் கேபினுக்குத் தகவல் போயிருக்கிறது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும், ஓடிவிடலாம் என்று அப்பா காலணியைக்கூட மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ரிலீவர் சிக் போட்டுவிட்டார். சிக் போடுவது என்றால் டாக்டர் சீட்டு கொடுத்து உடம்பு சரியில்லை என்று வராமல் இருப்பது. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; பண்ருட்டியில் மச்சினி வீட்டுக் காதுகுத்து. அங்கே அவர் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. கூட ஆள் யாரும் இல்லை. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அம்மாவே கையெழுத்துப் போட்டாள். அப்பா வந்து சேர்ந்தபோது நான் தூங்கி எழுந்து மறுபடி தூங்கியிருந்தேன்.

என் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கேக்குக்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும். அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் கையெழுத்து வரும் இடத்தில் சிரிப்பு கொஞ்சம் நின்று போகும். அப்பா அந்த ரிலீவரோடு இரண்டு வருஷம் பேசவில்லை. லாக் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாராம். அதோடு ஒரு வைராக்கியமும் எடுத்தார். பொங்கலுக்கு முன்னால் பாதி நகரியத்துக்குக் காய்ச்சல் வரும். என் அப்பாவுக்கு முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. பொய் சிக் போடுகிறவனை அவர் வீட்டுக்குள் விடமாட்டார்.

புதுநன்மைக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லையில் சண்டை தொடங்கியது.

டிவிக்கு எதிரே அப்பா பாசறை போட்டுவிட்டார். முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் குளிக்காமல்கூட உட்கார்ந்துவிடுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். "இன்னும் ரெண்டு போடணும்ங்க, அப்பத்தான் அடங்குவானுங்க" என்று அப்பா கத்துவார். தொலைக்காட்சிக்காரன் வரைபடத்தில் அம்புக்குறி போட்டால் இவர் தொடையில் தட்டுவார். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "என்னா மாப்ள, உங்க பீரங்கி அதுவரைக்கும் போவுமில்ல?" என்று கேட்பார்.

என் கணவர் "போவும் மாமா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டு மாமரத்துக்கும் வாழைக்கும் கிடைத்த தண்ணீர் அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை.

அப்பா அதோடு நிறுத்தியிருந்தால் சரி. எங்கள் பிளாக் முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்துவிட்டார். நடுவில் என் கணவரின் கல்யாண ஃபோட்டோவிலிருந்து வெட்டிய தலை. அதற்குக் கீழே யாரோ ஒருவரின் சீருடை. பின்னால் பீரங்கி என்று நினைத்துப் போட்ட டாங்கி. 'எங்கள் பிளாக்கின் எல்லைச் சாமியே!' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் அப்பாவும் பாசறை நண்பர்கள் இரண்டு பேரும் வட்டப் படங்களில். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கச் சொல்லட்டா?" என்றேன்.

"வேணாம். மாமா சந்தோஷமா இருக்காரு."

அன்று சாயங்காலம்தான் அவர் வாய் திறந்தார். நகரியத்தின் அகலமான சாலையில், இரண்டு பக்கமும் மரம் கவிந்த நிழலில், வண்டியை மெதுவாக விட்டுக்கொண்டே பேசினார். பணியில் இருக்கிறவர்கள் அரசியல் பேசக் கூடாது. அதனால் அவருடைய அரசியல் முழுக்க என் ஒருத்தியிடம்தான். தபால் ஓட்டு போட்ட அன்றைக்கு யாருக்குப் போட்டேன் என்று சொல்லிவிட்டு, "வெளிய சொல்லிடாத" என்பார். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்!

"இந்தச் சண்டைய தவிர்த்திருக்கலாம்" என்றார். "பேசறதுக்கு எடம் இருந்துச்சி. பேச யாருக்கும் இஷ்டம் இல்ல. டிவியில கைதட்டுறவங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் அந்த எல்லை ஓரமா இருந்திருக்கேன். இந்தப் பக்கமும் கோதுமை அறுக்கிறாங்க, அந்தப் பக்கமும் கோதுமை அறுக்கிறாங்க. நான் போடற குண்டு எங்க போயி விழுதுன்னு நான் பாக்கறது இல்ல. நம்பர் சொல்வாங்க, திருப்புவோம், போடுவோம். பாக்காம இருக்கறதுதான் கஷ்டம்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பக்கம் பீரங்கியில நிக்கிறவனும் லீவு கேன்சலாகித்தான் வந்திருப்பான்" என்றார்.

லீவு கேன்சல் என்கிற வார்த்தையை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி வந்தது. உடனே யூனிட்டில் ஆஜராக வேண்டும். வியாழக்கிழமை சென்னையிலிருந்து ரயில். அவர் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அலமாரிக் கதவில் தொங்கிய கவுனைப் பார்த்தார். மூன்று நாள் வித்தியாசம். வெறும் மூன்று நாள்.

மகளிடம் சொல்லும் வேலையை அவரே செய்தார். அவள் அழவில்லை. "ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்ச ஒடனே போங்கப்பா" என்று யோசனை சொன்னாள். அது முடியாது என்று புரிந்ததும் கவுனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கேட்டால் தரவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அதனால் குக்கர் மேல் காட்டினேன்.

புதன்கிழமை அப்பாவுக்கு வார ஓய்வு. காலையில் டிவி போடவில்லை. பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்று, கொடியில் தொங்கிய துண்டைத் தேவையில்லாமல் நேர்செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா, மாப்ளைக்கு சிக் போட்டுடலாமா?" என்றார்.

நான் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன். முப்பது வருஷ வைராக்கியம்! டிவி முன்னால் இன்னும் ரெண்டு போடு என்று கத்தின மனுஷன்!

"நீங்களாப்பா சொல்றீங்க?"

"சண்டை நடக்கட்டும். யார் வேணா போவட்டும். நம்ம வூட்டுப் புள்ள..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். பேனர் வைத்த அதே அப்பாதான். அவரைப் பார்த்துச் சிரிக்கவா அழவா என்று இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை.

ஸ்கூட்டரில் நகரியத்துக்கு வெளியே போனோம். அப்பாவின் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பழக்கமான ஒரு சின்ன கிளினிக். அப்பாவுக்கு மட்டும் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டு போனோம். உள்ளே போனதும் திருடனைப் போல் முழித்தார். நான்தான் பேசினேன். டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "ஜாண்டிஸ்னு போட்டுடவா? பதினஞ்சு நாள்?" என்றார். டாக்டர் பார்க்காமலே என் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பா அந்தச் சீட்டை அவரிடம் நீட்டினார். அவர் ஹாலில் தரையில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் படித்தார். முதலில் சிரிப்புதான் வந்தது அவருக்கு.

"மாமா, இது என்னா மைன்ஸா? பட்டாளத்துல இந்தச் சீட்டு செல்லாது. மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுன்னுவாங்க."

"காட்ட எத்தினி நாளாவும்?"

அவர் யோசித்தார். "நாலஞ்சி நாள் இழுக்கலாம்."

"அப்ப ஞாயித்துக்கிழம தாண்டிடும். அதுக்குள்ள சண்டையே நின்னாலும் நின்னுடும் மாப்ள. நீங்களே வேணாங்கிற சண்டைதானே? பாப்பா சொல்லிச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம், சொல்லியிருந்தேன். வரும் வழியில் ஸ்கூட்டரில் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பீரோவைப் பார்த்தார். அவருக்கு ஆசை இருந்தது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? சீட்டின் மடிப்பை விரலால் திரும்பத் திரும்ப நீவினார். அந்தச் சில நிமிஷம் அவர் இருந்துவிடுவார் என்று நான் உண்மையாகவே நம்பினேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

"எங்க பீரங்கியில ஒருத்தன் இருக்கான் மாமா" என்றார். "ஒடிசாக்காரன். அவன் பொண்டாட்டிக்கு இது தலைப்பிரசவம். ரத்தம் ரொம்பக் கொறைவு, உசுருக்கே பயம்னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. இப்ப யாருக்கும் லீவு கெடையாது. அவனுக்கு மட்டும் அதிகாரி பாவம் பாத்து ஒத்துக்கிட்டாரு. ஆனா ஒரே பீரங்கியில ரெண்டு ஆள் இல்லாம முடியாது."

அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி மூணு வருஷம் இதே மைன்ஸ்ல காண்ட்ராக்ட்ல இருந்தவன். பெல்ட்டுக்கடியில கொட்டுற கரிய வாரிக்கினு இருந்தேன். உங்களுக்கு நான் சொல்லணுமா மாமா? நான் போயி நின்னாத்தான் அவன் எறங்குவான்."

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா கதவுப் பக்கம் வந்து நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை; அப்பாவை மட்டும் பார்த்தாள். அப்பா கையை நீட்டி மருமகனிடமிருந்து சீட்டை வாங்கினார். நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

என்னால் அப்படிப் போக முடியவில்லை. வெடித்துவிட்டேன்.

"அவன் பொண்டாட்டி மட்டும்தான் பொண்டாட்டியா? நான் யாருங்க? நான் பெத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? எனக்காக உங்கள யாருங்க எறங்க வுட்டாங்க? வேணாம் வேணாம்னு சொல்ற சண்டைக்கு ஓடிக்கினு போறீங்களே, வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு" என்றார்.

மறுப்பார், நாடு கடமை என்று ஏதாவது சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன்.

"போனாலும் வெக்கம், போவாட்டியும் வெக்கம்" என்றார். "இந்தச் சண்டை சரின்னு எனக்குத் தோணல. நாளைக்கும் தோணாது. யாராச்சும் கேட்டா இப்பவும் வேணாம்னுதான் சொல்வேன். என்னையத்தான் யாரும் கேக்கலியே. ஆனா நான் போனா அவன் வூட்டுக்குப் போவான். எல்லாத்திலயும் அது ஒண்ணுதான் எனக்குத் தெளிவா இருக்கு."

நான் அவர் பெட்டியிலிருந்த துணியை எடுத்து மறுபடி ஒழுங்காக மடித்து வைத்தேன். ஆண்கள் மடிப்பது ஒரு மடிப்பா? கண்ணீர் பட்டு ஒரு பனியன் நனைந்தது. அதையும் அப்படியே வைத்தேன்.

அன்று சாயங்காலம் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். கோயிலில் குருவானவரிடம் செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. என் மகள் மறக்காமல் இருக்கப் பாவங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தாள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தன் அப்பாவிடம் கேட்டாள்: "அப்பா, குண்டு போடறது பாவமா?"

"என்னா கேள்வி இது" என்று அதட்டினேன். அவர் என்னைக் கையமர்த்தினார். அவள் உயரத்துக்குக் குனிந்து, "அப்பாவுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. வா, ரெண்டு பேரும் போயி சொல்லலாம்" என்றார்.

ஒன்பது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையின் கடைசியில் ஆறடி உயரத்தில் என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம். அவருக்கு வெகுநேரம் ஆனது. வெளியே வந்ததும் குழாயடியில் போய் முகம் கழுவினார். மகள் கேட்டாள்.

"எனக்கு ஃபாதர் பரிகாரமா மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு. ஒங்களுக்கு?"

"நெறைய."

"நான் பாதி சொல்லட்டுமாப்பா?"

அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயசெல்லாம் தாண்டிவிட்டது, கால் தரையைத் தொடாத குறை. அப்படியே வண்டி நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தார். போர் வேண்டாம் என்கிறவர் போருக்குப் போகிறாரே என்று அன்று மத்தியானம் வரை எனக்குக் கோபம். அந்தச் சாயங்காலம் அது போய்விட்டது. பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அன்பும்தான். அதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்?

குருவானவர் வியாழக்கிழமைக் காலைப் பூசையில் அவளுக்கு மட்டும் முன்னாலேயே நன்மை கொடுக்கிறேன் என்றாராம். இவர் வேண்டாம் என்றுவிட்டார். கூட்டாளிகளோடு வரிசையில் போய் வாங்கினால்தான் அவளுக்குச் சந்தோஷம் என்று அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு பீரோ சாவி தானாக வெளியே வந்தது. என் மகள் வெள்ளைக் கவுனைப் போட்டு, பூ வளையம் வைத்து, வெள்ளைக் காலுறையோடு வந்து நின்றாள். "பஸ் ஸ்டாண்டுக்கு நான் இப்பிடித்தான் வருவேன்." அழுக்காகிவிடும் என்று அம்மா பதறினாள். யாரும் கேட்கவில்லை. அப்பா ஒரு ஸ்கூட்டரில் பெட்டியோடும் அவரோடும் போக, பின்னால் நானும் கவுனும் இன்னொரு வண்டியில். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிற பஸ்ஸிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பிளாக் முனையைத் தாண்டும்போது பேனர் இல்லை. கயிறு மட்டும் இரண்டு கம்பத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது அப்பாவே ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்திருக்கிறார். பிறகு பல நாள் அம்மா அதைக் கவிழ்த்துப் போட்டு மொட்டை மாடியில் வடகம் காயவைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா ஃபோனில் படம் எடுத்தார். பண்ருட்டிப் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவில் வெள்ளைக் கவுனும், கறுத்து உயர்ந்த ஒரு மனுஷனும். பஸ் கிளம்பும்போது அப்பா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். ஏதோ சொல்ல வந்தார். "பாத்து மாப்ள" என்பதற்கு மேல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் நன்மை வாங்கினாள். கவுனின் ஓரத்தில் பஸ் ஸ்டாண்டு கிரீஸ் ஒரு கோடு போகாமல் இருந்தது. மற்ற பிள்ளைகள் படத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் நின்றார்கள். எங்கள் படத்தில் நான் ஒருத்தி. நான் சிரித்துத்தான் நின்றேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் அது என்ன சிரிப்பு என்று எனக்கே தோன்றுகிறது. அன்று முழுக்க அவருக்கு ஃபோன் கிடைக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் கிடைக்கவில்லை. அப்பா டிவியை மௌனத்தில் வைத்துப் பார்த்தார். அம்புக்குறி வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் வந்து, "இன்னிக்கி நல்லாப் போட்டாங்க போல" என்றபோது, "யார் மேல வுழுந்துச்சோ" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகு அவ்வளவாக வரவில்லை.

புதன்கிழமை காலையில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. படத்தில் மீசை சரியாக முளைக்காத ஒருவன் துணியில் சுற்றிய குழந்தையை ஏந்திக்கொண்டு விறைப்பாக நிற்கிறான். பின்னால் கட்டிலில் ஒரு பெண், கையில் ஊசிக் குழாய், கண் திறந்திருக்கிறது. குரல் பதிவு இந்தியில். எனக்கு அரைகுறை. மைன்ஸில் வடக்கத்தி ஆட்களோடு பேசிப் பழகின அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு தடவை கேட்டார், பிறகு வரி வரியாகச் சொன்னார்.

"அக்கா, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு... இவ பொழைச்சிட்டா... ரத்தம் நிக்கல, நாந்தான் ரத்தம் குடுத்தேன், நாந்தான் கையெழுத்துப் போட்டேன்... அண்ணன் வந்து பெட்டியக்கூட கீழ வெக்கல, என்னையப் பாத்து மொதல்ல நீ கெளம்புன்னாரு... உங்க பொண்ணு வெசேஷத்த வுட்டுட்டு வந்தாருன்னு அப்பறமாத்தான் எனக்குத் தெரியும். மன்னிச்சிக்குங்க அக்கா..."

நான் அந்தக் குழந்தையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மகளின் படத்தில் அப்பா இல்லை; அந்தக் குழந்தையின் படத்தில் அதன் அப்பா இருந்தான். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பிறகு நன்றாக அழுதேன்.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றிருந்தாள். "கையெழுத்து யாரு போட்டாங்கன்னு சொல்லுது?" என்று கேட்டாள். அப்பா சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது, ஆனாலும் கேட்டாள்.

"அவன்தான் போட்டான்" என்றார் அப்பா.

"இன்னொரு வாட்டி வையி" என்றாள் அம்மா. ஒரு வார்த்தை புரியாத அந்த இந்தியை அவள் முழுக்க நின்று கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த வருஷம் என் பிறந்த நாளுக்குப் பழைய கதை வரவில்லை. கேக்கை நேராக வெட்டிவிட்டோம்.

அன்று சாயங்காலமே அவரும் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறேன் என்றார், குரல் கரகரத்திருந்தது. மகளிடம், புதுநன்மைப் படத்தைப் பார்த்தேன் என்றார். அவளுடைய பங்குக்கு அவள் பாதி பிரார்த்தனை முடித்துவிட்டதாகக் கணக்குக் கொடுத்தாள். என்னிடம், "இப்பவும் அதேதான் நெனைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். எதை என்று நான் கேட்கவில்லை. அப்பா ஃபோனை வாங்கினார். எத்தனை போட்டீர்கள், எங்கே விழுந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப அவன் வேலையும் சேத்து யாரு பாக்கறது மாப்ள?"

"நாந்தான் மாமா, டபுள் டூட்டி."

அப்புறம் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "ரிலீவர் வந்தாச்சா?" அவனுக்குப் பத்து நாள் லீவு. எட்டாம் நாள் கேட்டார், ஒன்பதாம் நாள் கேட்டார். பத்தாம் நாள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. குழந்தையைக் கையில் வைத்திருக்கிறவன். ஒரு சீட்டு வாங்கிவிட்டால் போதும். சண்டை அப்போதும் நிற்கவில்லை. நானே போய் அப்படி ஒரு சீட்டு வாங்கினவள்தானே.

"இன்னும் வரல மாமா" என்றார் அவர்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாக எந்த ரிலீவரையும் நம்பாதவர், ஆள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வந்துவிட்டான் என்று ஒத்துக்கொள்கிறவர்.

"வருவான் மாப்ள" என்றார் அப்பா. "நீங்க போயி நின்ன மாதிரி அவனும் வருவான்."

மறுநாள் விடிந்ததும் என் கணவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது: வந்துவிட்டான், நான் தூங்கப் போகிறேன். அப்பா அதை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்திருந்த அந்தச் சீட்டை எடுத்து, அடுப்படிக்குக் கொண்டுபோய் எரித்தார். அதை அத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறார்.